சட்டைப்பை இருக்கும் பக்கம்

கண்ணை மூடியாயிற்று. மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றி அலமாரி மேல் வைத்தாயிற்று. அரைஞாண்கயிற்றில் வெள்ளித் தாயத்து ஒன்று தொங்குகிறதே, அதையும் எடுக்கணுமா என்று ஆரம்பத்தில் கேட்டதற்கு மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு அது இருக்கட்டும் என்று சலுகை கொடுத்திருந்தான். காலைப் பின்னக் கூடாது, கையைக் கட்டக் கூடாது, பேசக் கூடாது, அசையக் கூடாது. தூங்கினால் குற்றமில்லை, குறட்டை விட்டால்தான் அவனுக்குக் கவனம் சிதறுமாம். இத்தனை சட்டதிட்டங்களுக்கும் கட்டுப்பட்டு, மதுரை எஸ்.எஸ். காலனி வீட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடந்த சௌந்தரபாண்டியனுக்கு, நேரம் பார்த்து மூக்கு நுனி அரித்தது. வலது கையைத் தூக்க முடியாது. அது தோளோடு இறுகிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, சட்டை போடவே மனைவி இந்திராணி வந்து கையைப் பிடித்து நுழைக்க வேண்டும். இடது கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோனால் ஓட்டம் அறுந்துவிடும் என்று உத்தரவு. என்ன ஓட்டம், எங்கேயிருந்து வருகிற ஓட்டம். கடலுக்கும் மலைக்கும் அந்தப் பக்கம், இன்னும் சரியாக விடிந்திராத ராட்டர்டாமில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தோளைக் குணமாக்கத் திருமாறன் சக்தி அனுப்புகிறான், இவர் வாங்கிக்கொள்கிறார். ஸ்டூலில் நிற்க வைத்த போனில் இவர் படம் அவனுக்குத் தெரியும், அவன் படம் இவருக்குத் தெரியாது. கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பான். நீங்க பார்த்துக்கிட்டு இருந்தா எனக்கு வராதுப்பா என்று சொல்லியிருக்கிறான். வாரத்துக்கு ஒரு நாள் பெற்ற பிள்ளை முழுசாக அரை மணி நேரம் போனில் இருக்கிறான், அந்த அரை மணி நேரமும் அவனைப் பார்க்கக் கூடாது, அவனோடு பேசக் கூடாது. ஓர் அப்பனை எரிச்சல்படுத்த இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராவது யோசித்துச் சொல்லட்டும். மூக்கு அரித்தது. அரிக்கட்டும். இன்றைக்கு அரிப்பா பிரச்சினை, இன்றைக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும், இந்த அரை மணி முடிந்து அவன் மைக்கைப் போட்டு எப்படிப்பா இருந்துச்சு என்று கேட்கும்போது சொல்லியாக வேண்டும், நாளை மறுநாள் என்றால் காரியம் கெட்டுப்போகும்.

அடுப்படியில் இந்திராணி எதையோ மெதுவாக நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது, அதுவும் உத்தரவுதான். அவள் ஒருத்திதான் இந்த வைபவத்தில் வாயைக் கொடுக்காமல் தப்பித்தவள். எனக்கு இடுப்பு வலி இல்லவே இல்லைப்பா என்று முதல் நாளே கையை விரித்துவிட்டாள், போனை வைத்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். இவர் மாட்டிக்கொண்டார். ஏன் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தால் நினைப்பு அந்த முதல் நாளுக்கே போய் நிற்கிறது, காலில் முள் குத்தினவன் அந்த இடத்தையே மிதித்துக்கொண்டு நடப்பது போல. எப்படிப்பா இருந்துச்சு என்று அன்றைக்குக் கேட்டான். கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான், அது இங்கே கேட்டது. ஒன்றும் இல்லைடா, மின்விசிறிக் காத்துதான் வந்துச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்து விழுந்தது என்னவோ, லேசா வெதுவெதுன்னு இருந்துச்சு தம்பி. அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனை காலமாயிற்று, ராத்திரி தூக்கம் வரலைப்பா, வேலை பிழியுதுப்பா, பேச நேரமில்லைப்பா என்றே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனிதருக்கு அந்தச் சிரிப்பு ருசித்துவிட்டது. அடுத்த வாரம் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அதற்கு அடுத்த வாரம் முழங்கை வரைக்கும் இறங்கியது. பிறகொரு வாரம், வெட்கம் கெட்டுப்போய், லேசா ஒரு வெளிச்சம் மாதிரி தெரிஞ்சுச்சு என்றுகூடச் சொல்லித் தொலைத்தார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டம் நிஜம்தானா என்று எழுதிக் கொடுக்கும் இன்சூரன்ஸ் சர்வேயராகக் காலம் முழுக்க இருந்துவிட்டு, பொய் எப்படி வளரும் என்று தெரியாமல் போகுமா அவருக்கு. முதலில் ஹெட்லைட் உடைந்ததென்பான், அதை நம்பினால் பம்பர், பம்பரையும் நம்பினால் என்ஜின். புது அடி என்று காட்டுவான், விரலால் தடவினால் உள்ளே துரு வரும். ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு அவரைக் கண்டாலே பில்லைத் திருத்தி எழுதத் தோன்றும். அவர் கண்டுகொண்ட ரகசியம் ஒன்று உண்டு. பொய் சொல்கிறவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எதிரே வந்த லாரியின் நிறம், நம்பர் பிளேட்டின் கடைசி எண், டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டு, எல்லாம் கோர்வையாக வரும். நிஜமாக அடிபட்டவன் தலையைச் சொறிவான். தெரியல சார், கண்ணைக் கட்டின மாதிரி ஆயிருச்சு, தெரியல. அந்தத் தெரியலவைக் கேட்டதும் இவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்டவர் கட்டிலில் கிடந்து வெளிச்சம் கண்டிருக்கிறார், எறும்பு கண்டிருக்கிறார், முழங்கை வரைக்கும் கோர்வையாகக் கண்டிருக்கிறார். இவர் மட்டும் எதிரே சர்வேயராக நின்றிருந்தால் முதல் வாரமே கோப்பை மூடியிருப்பார்.

தெருவில் உப்பு வண்டி ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு போனது. கல்லுப்பு, தூளுப்பு, கோலமாவு. போய்த் தொலை, சீக்கிரம் போய்த் தொலை, அவனுக்குக் கேட்கும். பாருங்கள், இதுதான் கோபம், நம்பிக்கை ஒரு பொட்டு இல்லை, ஆனாலும் உப்பு வண்டி அவனைக் கெடுத்துவிடுமோ என்று மனசு பதறுகிறது. பயல் வந்து நிற்கும் இடம் அப்படி. நேற்று சாயங்காலம் கூப்பிட்டான். திங்கட்கிழமை ஆபீஸில் பேப்பர் போடப் போகிறானாம். வேலையை விட்டுவிட்டு இதையே முழு நேரமாகச் செய்யப் போகிறானாம், ஒரு சின்ன அறை பார்த்து வைத்திருக்கிறானாம், வெள்ளைக்காரர்கள் வருவார்களாம். விசா என்னாகும் என்று கேட்டார். பார்த்துக்கலாம்ப்பா என்றான். எந்த தைரியத்துலடா என்று கேட்டார். அதற்குத்தான் அவன் அதைச் சொன்னான், ராத்திரி முழுக்க அது காதுக்குள் நின்றது. "உங்களை நம்பித்தான்ப்பா. நீங்க எதையும் லேசுல ஒத்துக்கிற ஆளா? உங்களுக்கே தெரியுதுன்னா இது நிஜம்தானே?" போனை வைத்ததும் இந்திராணி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியுதா உங்களுக்கு, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க என்றாள். இவர் டி.வி. ரிமோட்டைத் தேடினார். "அவன் பொழப்புல மண்ணைப் போட்டுறாதீங்க, சொல்லிட்டேன்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

ஆகவே சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது. தம்பி, எனக்கு இன்னிக்கு ஒண்ணும் தெரியல. இது பாதி உண்மை, இன்னிக்கு என்ற வார்த்தைக்குள் போன வாரப் பொய்கள் எல்லாம் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும், அவனும் அடுத்த வாரம் சரியாகும்ப்பா என்று சொல்லித் திங்கட்கிழமை பேப்பரைப் போட்டுவிடுவான். தம்பி, எனக்கு எப்பவுமே ஒண்ணும் தெரிஞ்சதில்ல. இது முழு உண்மை. இதைச் சொன்னால் அவன் என்ன ஆவான். ஏற்கெனவே தூக்கம் போய், ஆள் பாதியாகி, இந்தச் சக்தி அனுப்பும் வகுப்புக்குப் போன பிறகுதான் கொஞ்சம் முகம் தெளிந்திருக்கிறான் என்று இந்திராணி சொல்கிறாள். அப்பனே இத்தனை நாள் ஏய்த்தான் என்று தெரிந்தால் தாங்குவானா. தாங்காமல் ஏதாவது, சே, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, கட்டிலில் கிடந்தால் நினைப்பு கண்ட கண்ட பக்கம் போகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் இந்தத் தூரம்தான். நேரில் உட்கார்ந்திருந்தால் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் பேசித் தீர்த்திருக்கலாம். தோள் வலிக்கிறது என்றால் வந்து பார்க்கிறதுதானே பிள்ளை. அங்கேயிருந்து அனுப்புகிறானாம், கொரியர் மாதிரி. மேல் வீட்டு ஆசிரியர் மகன் அவருக்குத் தோளில் தைலம் தேய்த்துவிடுகிறான், ஜன்னல் வழியாக வாசம் வருகிறது, எரிச்சலில் இவர் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

நேரில் வராமலும் இல்லை அவன். போன வருஷம் வந்தான். அந்த நினைப்பைச் சௌந்தரபாண்டியன் தள்ளிவிடப் பார்த்தார், அது தள்ள வராமல் கட்டிலில் வந்து உட்கார்ந்தது. வந்து பத்துப் பதினைந்து நாள் இருந்தான். ஆளுக்கொரு சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்தார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில், இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வந்து நின்றான். அப்பா ஒரு நிமிஷம் என்று சொல்லி இரண்டு கையையும் இவருடைய தோளில் வைத்தான். கை சில்லென்று இருந்தது. எண்ணெய் இல்லை, தைலம் இல்லை, அமுக்கவும் இல்லை, சும்மா வைத்துக்கொண்டு நின்றான். இவருக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மீசை முளைத்த பிறகு மகனைத் தொட்டதுண்டா இவர், அவன் கல்லூரியில் சேர்ந்த நாளன்றுகூடக் கை கொடுக்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தவர். காய்ச்சலில் கிடந்தபோது தொட்டுப் பார்த்தவள் இந்திராணி, இவர் வாசற்படியில் நின்று எவ்வளவு இருக்கு என்று கேட்டவர். இவருடைய அப்பாவும் இவரை அப்படித்தான் வளர்த்தார், அடிக்கத் தொட்டதோடு சரி. விடுறா, என்னமோ பொம்பளைப் பிள்ளை மாதிரி தடவிக்கிட்டு, என்று தோளை உதறிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். தாகமே இல்லை. திரும்பி வந்தபோது அவன் பெட்டிக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் சாயங்காலம் விமானம், அப்புறம் ஒரு மாதம் கழித்து இந்தத் தூரத்து வைத்தியம். அன்றைக்கு உதறிய தோள்தான் அந்த மாதத்துக்குள் இறுகியது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சர்க்கரை இருக்கிறவர்களுக்கு வருமாம், டாக்டர் சொன்னார், சுவரில் விரலால் ஏணி ஏறுங்கள் என்றும் சொன்னார், இவர் ஏறவில்லை. அந்த நாளைப் பற்றி நினைத்தால் கூடவே அந்தச் சட்டையும் ஞாபகம் வந்துவிடும், அதிலும் ஓர் எரிச்சல். பழுப்புக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, பையில் மை ஒழுகின கறை இருந்தாலும் உடம்புக்குப் பாந்தமாக இருந்த சட்டை, அவன் கிளம்பின வாரத்தோடு காணாமல் போனது. அயர்ன்காரர்தான் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று இந்திராணி அவரோடு சண்டை போட்டாள், அவர் இன்றைக்கும் இந்த வீட்டுத் துணியை மட்டும் எண்ணி எண்ணி வாங்குகிறார். எங்கே போய்விடும் ஒரு சட்டை, காலா முளைத்தது. மூக்கு மறுபடியும் அரித்தது.

இந்தத் தடவை தாங்க முடியவில்லை. ஓட்டமாவது ஒன்றாவது என்று இடது கையால் சொறிந்துகொண்டார். சொறிந்தது அவனுக்குத் தெரிந்திருக்குமே, திட்டுவானோ என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து போனைப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய திரையில் வெளிச்சம் இருந்தது. கேமராவை அணைக்க மறந்திருக்கிறான், நேற்றுப் பேசின பேச்சின் படபடப்பில் மைக்கை மட்டும் அணைத்திருக்கிறான் போல. மஞ்சள் விளக்கு, மரத்தரை, தரையில் ஒரு பாய். பாய் நம்மூர்ப் பாய்தான். பாயில் நீளவாக்கில் ஒரு பெரிய தலையணை. தலையணைக்குப் பழுப்புக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை மாட்டி, மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தது. மைக்கறை இங்கிருந்தே தெரிந்தது. எதிரே மண்டி போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான் திருமாறன். தாடி வைத்திருந்தான், ஊருக்கு வந்தபோது இல்லை. ஒரு கை சட்டையின் தோளில் இருந்தது. இன்னொரு கை காலரைத் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தது, காலர் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் தடவிக்கொண்டிருந்தது. முதலில் சௌந்தரபாண்டியனுக்கு வந்தது கோபம்தான். திருட்டுப் பயல், சட்டையை எடுத்துப் பெட்டியில் போட்டு ஜிப் போட்டிருக்கிறான், அந்த அயர்ன்காரர் பாவம் எத்தனை பேச்சு வாங்கினார். அடுத்ததாக, தொழில் பழக்கம், கண் தானாக எங்கே அடி என்று தேடியது. அவன் கை இருந்தது சட்டைப்பைக்கு மேலே. சட்டைப்பை இருக்கும் பக்கம் இடது. எதிரே உட்கார்ந்து செய்கிறவன் தன் வலது கைப்பக்கம் இருப்பதையே வலது என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். இத்தனை மாதமாக வலிக்காத தோளுக்கு வைத்தியம் நடந்திருக்கிறது, வலிக்கிற தோளில் இவர் எறும்பு ஊர்வதாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டிருந்தால் வராது என்றான், பாவம், பார்ப்பது தெரியாமல் செய்துகொண்டிருந்தான். யாரும் தோளை உதறிவிட்டு எழுந்துபோகாத இடத்தில், அப்பாவைத் தொட ஒரு தலையணையைப் படுக்கவைத்து, நிதானமாக, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். திரை கலங்கித் தெரிந்தது. அழுகை என்று சொல்லிவிட்டுப் போகலாம், அவருக்கு அது பிடிக்காத வார்த்தை. ஏன்டா இப்படி என்று அவனைக் கேட்பதா, தன்னைக் கேட்பதா என்று தெரியாமல் கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். மூடின பிறகும் அந்தக் கை காலரைத் தடவுவது நிற்கவில்லை.

முடிந்ததென்று அவன் அடிக்கும் மணி கேட்டது, சின்னதாக. மைக்கைப் போட்டுவிட்டான். செருமினான்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

அடுப்படியில் நறுக்குகிற சத்தம் நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஒண்ணும் தெரியல தம்பி."

அவன் சிரிக்கப் பார்த்தான். சில நாள் அப்படித்தான் இருக்கும், போன வாரம் நல்லா இருந்துச்சுல்ல என்றான்.

"போன வாரமும் தெரியல. அதுக்கு முந்தியும் தெரியல. நீ சந்தோஷமா கேட்ட, நானா சொல்லிக்கிட்டேன். அதை வச்சு பேப்பர் போடாத."

கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியதுதான், திறந்தார். அவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏமாற்றிவிட்டீர்களே என்று ஒரு வார்த்தை வரும், வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கிடந்தார். அது வராதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தச் சங்கடத்தில், சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததும் வெளியே வந்துவிட்டது. "வலி வலது தோள்லடா. நீ சட்டைப்பை இருக்கிற பக்கம் கை வச்சிருந்த."

திருமாறன் நிமிர்ந்து திரையைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். கேமராவை அணைக்கக் கை வந்தது, பாதியில் நின்றது. முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. எதையாவது சொல்லி அதை நேராக்க வேண்டும் போலிருந்தது இவருக்கு. அந்தச் சட்டையைக் கொண்டுவாடா, உங்கம்மா அயர்ன்காரரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கா என்று சொல்லலாமா, சொன்னால் சிரிப்பான், சிரித்தால் எல்லாம் பழையபடி மூடிக்கொள்ளும். சிரிக்க வைக்கிற வேலை இனி வேண்டாம்.

"லீவு போட்டு நேர்ல வா," என்றார். "வந்து சரியான பக்கத்துல வச்சுப் பாரு."

சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"நேர்ல வந்து வச்சா விடுவீங்களாப்பா?"

விடுவேன்டா, ஏன் விடாம, என்ற பதில் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதோடு இன்னும் நிறைய வந்தது, ஏர்போர்ட்டுக்கே வருகிறேன் என்று வந்தது, கட்டிப்பிடித்துக்கொள்கிறேன் என்றுகூட வந்தது, நிறமும் நம்பரும் டிரைவர் தலைத்துண்டுமாக எல்லாம் கோர்வையாக வந்தது. சௌந்தரபாண்டியன் அத்தனையையும் விழுங்கினார்.

"தெரியல தம்பி," என்றார். "எனக்குக் கூச்சமா இருக்கும். உதறினாலும் உதறிருவேன். நீ கையை எடுக்காத."

அவன் தலையை ஆட்டினான். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, திங்கட்கிழமையைப் பற்றியும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது, போனை வைக்கலாம். அவன் வைக்கவில்லை. திரையில் அவன் கை சட்டைப்பைக்கு மேலிருந்து எழுந்து, காலரைத் தாண்டி, அந்தப் பக்கத்துத் தோளுக்குப் போனது. இந்தத் தடவை கேமரா திறந்தே இருந்தது. அடுப்படியில் நறுக்குகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. தோளில் ஒன்றும் தெரியவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை.